நான்காம் முறையாக எடைமேடைத் திரை

உத்தான் மெலிந்தாங் ஆலை வாசலில்
லாரி ஏறி நிற்கும் இரும்புத் தட்டுக்காக
இருபத்திரண்டு ஆண்டுகளில்
ஒரே திரையை நான்கு முறை எழுதுகிறேன்.
மொத்த எடை. வெறும் லாரி. மீதி, குலை.
மூன்று எண்கள், ஒரு பொத்தான்.
இதற்கா நான்கு முறை என்கிறார் கணக்காளர் செங்.
இதற்குத்தான்.

முதல் தடவை எல்லாமே ஏவல்.
இடமிருந்து நூற்றிருபது போ, மேலிருந்து நாற்பது இறங்கு,
கோடு கிழி, பெட்டி வரை, எண்ணை அழி,
மறுபடி எழுது.
காலைப் பெரட்டில் மண்டோர் கத்துவதுபோல
ஒவ்வொரு வரியும் விரல் நீட்டியது.
அகலத் திரை வாங்கிய அன்று
பெட்டிகள் எல்லாம் இடது மூலையிலேயே
மழைக்கு ஒதுங்கியவர்களாய் ஒண்டி நின்றன.
போ என்று நான் சொல்லாமல்
அவை எங்கே போகும்?

அடுத்தது கோண அடைப்புகளின் காலம்.
பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் வரிசை,
திறந்ததை மூட மறந்தால்
நாற்பது வரி தள்ளி ஒரு புகார்.
ஆனால் முதல்முறையாக வினைச்சொல் இல்லை.
இது தலைப்பு. இது எண். இது பொத்தான்.
தமிழுக்கு இது புதிதா என்ன?
'நான் லோகநாயகி' என்பதில்
எந்த வினை இருக்கிறது,
என்ன குறை இருக்கிறது?
பள்ளியில் பெயர்ப்பயனிலைக்கு
ஐந்து புள்ளி கோட்டைவிட்டவள்
அன்றிரவு ஆலை அலுவலகத்தில் தனியாகச் சிரித்தேன்.

நிறத்துக்குத் தனித் தாள்.
கடைசியாகச் சொன்னவர் சொல்லே அதில் சட்டம்,
அவரைவிடக் குறிப்பாகச் சொல்ல ஒருவர் வரும்வரை.
மேனேஜர் பச்சை கேட்டார். தலைமையகம் நீலம் கேட்டது.
பொத்தான் எட்டு மாதம் சாம்பலாகவே இருந்தது.

மூன்றாவதில் எண்ணை எண்ணோடு கட்டிப்போட்டார்கள்.
மீதி என்பது மொத்தம் கழித்தல் வெறும் லாரி.
ஒருமுறை சொன்னால் போதும், அப்புறம்
லாரி அசைய எண் அசையும்,
கடல் ஏற பெர்ணம் ஆறும் ஏறுகிற மாதிரி.
நடுவில் நான் இல்லை.
ஒருநாள் அவசரத்தில் மொத்தத்தையும்
மீதியிலிருந்து வரும்படி எழுதிவிட்டேன்.
நீ சொல், நீ சொல் என்று
இரண்டும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டே இருக்க,
திரை உறைந்தது.
பாலம் வரைக்கும் பதினேழு லாரிகள்.
ரஃபிகுல் இறங்கி வந்து கண்ணாடிக்கு வெளியே நின்று
கையை விரித்துக் கேட்டான்: என்ன?
என்ன என்பதைத்தானே எழுதியிருந்தேன்.
எப்படி என்று நான் யாரைக் கேட்பது?

இப்போது நான்காவது.
நிலை மாறினால் முழுத் திரையும் புதிதாய்ப் பிறக்குமாம்.
பழையதோடு ஒப்பிட்டு, மாறிய ஓர் எழுத்தை மட்டும்
அடியில் ஏதோ ஒன்று சத்தமில்லாமல் மாற்றிவிடுமாம்.
அந்த ஏதோ ஒன்று தூங்கவிடவில்லை.
நேற்று ராத்திரி அதன் வயிற்றைத் திறந்து பார்த்தேன்.
இடமிருந்து நூற்றிருபது போ.
மேலிருந்து நாற்பது இறங்கு.
ஏவல் எங்கும் போய்விடவில்லை,
என் கண் படாத மாடிக்குக் கீழே
குடிமாறியிருக்கிறது.

சுவரில் மேனேஜர் ஒட்டிய தாள்:
இன்றைய குலை, இருநூற்றுப் பத்து டன்.
வினைச்சொல் இல்லை.
எந்த நிரை, எத்தனை மட்டை, யார் தோள்,
ஒன்றும் இல்லை.
அழகான வாக்கியம்.

ரஃபிகுலின் லாரி மேடையேறுகிறது.
எண் துள்ளித் தயங்கி நிற்கிறது.
உதிரிப்பழம் நாலைந்து மண்ணில் உருள,
அவன் குனிந்து பொறுக்கி மேலே எறிகிறான்.
ஒன்பதாயிரத்து நானூற்றுப் பத்து.
பழம் விழுந்தபோதும் அதே எண், ஏறியபோதும் அதே எண்.
பத்துக் கிலோவுக்குக் கீழே மேடைக்குக் கண் தெரியாது.
இதைத் திரையில் எங்கே சொல்வது,
எந்தப் பெட்டிக்குள், என்ன பெயரிட்டு
என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எடைக் கிராணி தவமலர் தோளைத் தட்டுகிறாள்:
"அக்கா, பொத்தான் ஏன் இன்னும் சாம்பலாவே இருக்கு?"